லினக்ஸ் கணினியில் திரைவாசிப்பான் பேசாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய மடிக்கணினி ஒன்றை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து மாணவருக்கோ ஆசிரியருக்கோ புதிய கணினி வாங்கும் வசதி இல்லையென்றால், லினக்ஸ்தான் எஞ்சியிருக்கும் நல்ல வழி. விழிப்புலனற்ற ஒருவர் அந்த வழியில் இறங்கும்போது முதல் சில வாரங்களில் எழும் கேள்விகளுக்கே இங்கு பதில் தரப்பட்டுள்ளது. பக்கத்தில் இருக்கும் கண் தெரிந்த ஒருவரைக் கூப்பிடாமல், தனியே, விசைப்பலகையாலும் காதாலும் மட்டும் செய்யக்கூடிய வழிகளுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். இப்பக்கத்தைப் பலரும் ஒலியாகவே கேட்பார்கள் என்பதால், கட்டளைகள் ஆங்கில எழுத்துகளின் ஒலிப்பில் எழுதப்பட்டுள்ளன.

ஓர்காவை நிறுவியிருக்கிறேன். திரையை வாசிக்க அது மட்டும் போதாதா?

போதாது. லினக்ஸில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதை அறியாததால்தான் பெரிதாகின்றன. ஓர்கா 2006-இல் க்னோம் 2.16 பதிப்போடு அந்த மேசைச்சூழலின் அதிகாரபூர்வத் திரைவாசிப்பானாக வந்தது. அது தானாகத் திரையைப் பார்ப்பதுமில்லை, தானாகப் பேசுவதுமில்லை. ஒவ்வொரு செயலியும் தன்னிடமுள்ள பொத்தான், பட்டியல், உரை ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை ஏடி-எஸ்பிஐ என்ற இணைப்பின் வழியாக வெளியிடுகிறது. ஓர்கா அவற்றை எடுத்து, எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று தீர்மானித்து, வாக்கியமாக்கி ஸ்பீச் டிஸ்பாச்சர் என்ற இடைநிலை மென்பொருளிடம் கொடுக்கிறது. ஸ்பீச் டிஸ்பாச்சர் அதை ஈஸ்பீக் என்ஜி போன்ற பேச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. பேச்சுப்பொறி உருவாக்கும் ஒலி, பைப்வயர் அல்லது பல்ஸ் ஓடியோ என்ற ஒலி மென்பொருள் வழியாக ஒலியட்டைக்குப் போய், அங்கிருந்து ஒலிபெருக்கிக்கு வருகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரே விளைவுதான், மௌனம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டர் ஓடுகிறதா என்று பார்க்காமல் குசினிக் குழாயைக் கழற்றி மாற்றினால் எப்படியோ, அப்படித்தான் கணினி பேசவில்லை என்றவுடன் ஓர்காவை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதும். எந்தப் படியில் மௌனம் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்த பின்னரே எதையும் மாற்ற வேண்டும்.

கணினி முற்றிலும் மௌனமாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில், பேச்சை நீங்களே அறியாமல் நிறுத்திவிடவில்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். ஓர்கா விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அமுக்கினால் பேச்சு நிற்கும், மீண்டும் அமுக்கினால் தொடங்கும். ஓர்கா விசை என்பது பெரிய விசைப்பலகை அமைப்பில் இன்சேர்ட், மடிக்கணினி அமைப்பில் கப்ஸ் லொக். வேகமாகத் தட்டச்சு செய்பவர்களின் விரல் இதில் தவறுதலாகப் படுவது மிகச் சாதாரணம். அதேபோல, சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை), ஓல்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினால் ஓர்கா தொடங்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதே விசைகள் அதை நிறுத்திவிடும். ஆகவே ஒருமுறை அமுக்கிவிட்டு, பழைய கணினியானால் பத்து வினாடியாவது பொறுத்திருந்து கேட்டபிறகே அடுத்த முறை அமுக்க வேண்டும். பதற்றத்தில் அடுத்தடுத்து அமுக்கினால் அது தொடங்கியதா நின்றதா என்பதே தெரியாமல் போய்விடும்.

அடுத்து, ஒலியைக் கூட்டும் விசையை அமுக்கிப் பாருங்கள். க்னோம் மேசைச்சூழலில் ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் சிறு ஒலி ஒன்று எழும். அது கேட்டால் ஒலியட்டையும் ஒலிபெருக்கியும் சரியாக இருக்கின்றன, சிக்கல் அதற்கு மேலே இருக்கிறது. கேட்காவிட்டால் ஒலியை முடக்கும் விசையை ஒருமுறை அமுக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். எச்டிஎம்ஐ வடம் வழியாகத் தொலைக்காட்சியோ புறத்திரையோ இணைத்திருந்தால் கழற்றுங்கள், ஒலி அங்கே போய்க்கொண்டிருக்கக்கூடும். புளூடூத் காதொலிப்பானை அணைத்துவிட்டு, வடமுள்ள சாதாரண காதொலிப்பான் ஒன்றைச் செருகிப் பார்ப்பதும் பயன் தரும்.

ஒலி இருக்கிறது, பேச்சு இல்லை என்றால் கொன்ட்ரோல், ஓல்ட், டி ஆகியவற்றைச் சேர்த்து அமுக்குங்கள். உபுண்டு, உபுண்டு மேட்டே ஆகிய லினக்ஸ் வழங்கல்களில், கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையம் திறக்கும். இரண்டு வினாடி பொறுத்து, எஸ், பி, டி, இடைக்கோடு, எஸ், ஏ, வை என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஏதாவது ஒரு ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் அமுக்குங்கள். இக்கட்டளை ஓர்காவைத் தொடாமல், நேரே ஸ்பீச் டிஸ்பாச்சரிடம் அந்தச் சொல்லைக் கொடுக்கிறது. இந்த ஒரே வரியில் சிக்கல் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால், லினக்ஸைப் பயன்படுத்தும் விழிப்புலனற்ற ஒவ்வொருவரும் இதை மனனம் செய்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சொல் காதில் விழுந்தால், பேச்சுச் சங்கிலி முழுவதும் நலமாக இருக்கிறது, சிக்கல் ஓர்காவில் அல்லது ஏடி-எஸ்பிஐ இணைப்பில்தான். அதே முனையத்தில் ஓர்காவின் பெயரை ஓ, ஆர், சி, ஏ என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு இடைக்கோடுகளை ஒட்டி ரிப்ளேஸ் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் அமுக்குங்கள். தொங்கிப்போன ஓர்கா விலகிப் புதியது அந்த இடத்துக்கு வரும். அந்த முனையத்தை மூடினால் ஓர்காவும் நின்றுவிடக்கூடும் என்பதால் அதைத் திறந்தபடியே விடுங்கள்.

அந்தச் சொல் காதில் விழாவிட்டால், ஸ்பீச் டிஸ்பாச்சரைத்தான் எழுப்ப வேண்டும். கில்ஓல் என்று, அதாவது கே, ஐ, எல், எல், ஏ, எல், எல் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஸ்பீச் இடைக்கோடு டிஸ்பாச்சர் என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் முழுமையாகத் தட்டி என்டர் அமுக்குங்கள். பிறகு முந்தைய சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஸ்பீச் டிஸ்பாச்சர் தேவைப்படும்போது தானாகவே மீண்டும் தொடங்கும். ஒலிக்கருவியை மாற்றிய பிறகோ, கணினி உறக்கத்திலிருந்து எழுந்த பிறகோ வரும் மௌனம் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்போதும் பேசவில்லை, அண்மையில் யாரோ அமைப்புகளை மாற்றியிருக்கிறார்கள் என்றால், உங்கள் வீட்டு அடைவிலுள்ள டொட்-கொன்பிக் அடைவினுள் ஸ்பீச் டிஸ்பாச்சர் என்ற பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதன் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். அழிக்காமல் பெயரை மாற்றச் சொல்வது, பழையது தேவைப்பட்டால் திரும்ப எடுக்கத்தான்.

பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் அசை விழுங்கப்படுகிறது. ஏன்?

சில வினாடிகள் ஒலி இல்லாவிட்டால் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக ஒலியட்டையை உறங்க வைக்கும் வழக்கம் லினக்ஸில் உண்டு. பேச்சு தொடங்கும்போது அது விழித்தெழ ஒரு கணம் பிடிக்கிறது. பார்வையுள்ளவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்கோ, "அழிக்கவா" என்பதும் "சேமிக்கவா" என்பதும் ஒன்றாகவே கேட்கக்கூடும். பைப்வயரோடு வரும் வயர்ப்ளம்பர் என்ற மென்பொருளின் அமைப்புக்கோப்பில் உறங்கவைக்கும் காலத்தைச் சுழியம் ஆக்கினால் இது பெரும்பாலும் தீரும். சில மடிக்கணினிகளில் இன்டெல் ஒலியட்டைக்கான கெர்னல் கூறின் மின்சேமிப்பு அளவையும் சுழியம் ஆக்க வேண்டியிருக்கும்.

நுழைவுத் திரையில் பேசுகிறது, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனதும் பேசவில்லை. (சிலருக்கு இது தலைகீழாகவும் நடக்கிறது.)

நுழைவுத் திரை, கணினிக்குள் தனி ஒரு பயனராக இயங்குகிறது, அதன் அமைப்புகளும் தனி. அங்கே ஓர்காவை இயக்கியது உங்கள் கணக்கைப் பாதிக்காது, உங்கள் கணக்கில் இயக்கியது அங்கே செல்லாது. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு முறை சூப்பர், ஓல்ட், எஸ் அமுக்கிவிட்டால் க்னோம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஓர்கா ஆங்கிலம் மட்டும் பேசுகிறது. தமிழில் வாசிக்க வைப்பது எப்படி?

ஈஸ்பீக் என்ஜியில் தமிழ்க் குரல் உள்ளேயே இருக்கிறது. தனியாகப் பதிவிறக்க எதுவுமில்லை, இணைய இணைப்பும் தேவையில்லை. விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தக் குரல் பழகியதாகவே இருக்கும், ஏனெனில் என்விடிஏயும் ஈஸ்பீக் என்ஜியைத்தான் தன்னோடு கொண்டுவருகிறது. ஓர்கா விசையோடு இடைவெளி விசையை அமுக்கினால் விருப்பத்தேர்வுகள் திறக்கும். அதில் குரல் தாவலுக்குப் போய் மொழியைத் தமிழாக மாற்றுங்கள்.

இங்கே ஒரு நடைமுறை அறிவுரை. ஆங்கிலக் குரலை வைத்துக்கொண்டு தமிழை வாசிக்க முயன்றால் தமிழ்ச் சொற்கள் எழுத்தெழுத்தாகச் சிதறும் அல்லது வாசிக்கப்படாமலே போகும். தமிழ்க் குரலை வைத்துக்கொண்டு ஆங்கிலம் கலந்த உரையை வாசித்தால், ஆங்கிலச் சொற்களை அது ஆங்கில ஒலிப்பிலேயே சொல்லிவிடும். இலங்கையில் நமக்கு வரும் கடிதங்களும் பாடக்குறிப்புகளும் பெரும்பாலும் இருமொழி கலந்தவை என்பதால், நாளாந்தப் பயன்பாட்டுக்குத் தமிழ்க் குரலே பொருத்தம். நீண்ட ஆங்கில நூல் ஒன்றைப் படிக்கும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறலாம். அதற்காக ஓர்காவில் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என இரண்டு சுயவிவரங்களை உருவாக்கி, அவற்றுக்கிடையே மாறும் கட்டளைக்கு உங்களுக்கு வசதியான ஒரு விசைச்சேர்க்கையை ஒதுக்கிவிடுங்கள்.

ஈஸ்பீக்கின் தமிழ் இனிமையானது என்று சொல்ல முடியாது. அது மனிதக் குரலைப் பதிவுசெய்து ஒட்டிய குரல் அல்ல, விதிகளால் ஒலியை உருவாக்கும் குரல். ஆனால் விசையை அமுக்கிய கணமே பதில் சொல்கிறது, பழைய கணினியிலும் தடுமாறுவதில்லை, வேகத்தை மிகவும் கூட்டினாலும் சொற்கள் பிரிந்து கேட்கின்றன. திரைவாசிப்புக்கு இந்த மூன்றும் இனிமையைவிட முக்கியம். பழகச் சில வாரங்கள் கொடுங்கள்.

தமிழ்க் குரலைத் தேர்ந்த பின்னரும், பாடசாலை தந்த குறிப்பைத் திறந்தால் "ஜே கே பி ஓ" என்று ஏதோ ஆங்கில எழுத்துகளை வாசிக்கிறது. ஓர்கா பழுதா?

ஓர்காவில் எந்தப் பழுதும் இல்லை. அது கோப்பில் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறது. அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. பாமினியில் தட்டும்போது கணினியில் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்து அல்ல, ஆங்கில எழுத்து. எழுத்துருவானது அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. ஆகவே திரையில் "தமிழ்" என்று தெரியும் சொல், கோப்புக்குள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணால் பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது. காதால் வாசிப்பவருக்கு முழு ஆவணமும் பொருளற்றுப் போகிறது.

யாழ்ப்பாணத்தில் இது சிறு விடயமல்ல. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் நீண்ட காலமாகப் பாமினியே கைப்பழக்கமாக இருந்து வந்திருக்கிறது. கடந்தகால வினாத்தாள்கள், மாதிரி வினாக்கள், கூட்ட அறிக்கைகள், சங்க யாப்புகள் எனப் பலவும் அதில்தான் கிடக்கின்றன. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் விழிப்புலனற்ற மாணவருக்குத் தேவையான குறிப்பு கையில் இருந்தும் இல்லாத நிலை இதனால் ஏற்படுகிறது. கணினியை எவ்வளவு சரிசெய்தாலும் இதைத் தீர்க்க முடியாது, ஆவணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில், சிக்கல் இதுதானா என்று நீங்களே உறுதிப்படுத்தலாம். லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் கோப்பைத் திறந்து, சந்தேகமான வரியில் சுட்டியை வைத்து, ஓர்கா விசையோடு எஃப் விசையை அமுக்குங்கள். எழுத்துருவின் பெயர், அளவு முதலியவற்றை ஓர்கா சொல்லும். பாமினி என்றோ அதைப்போன்ற பழைய தமிழ் எழுத்துருவின் பெயரையோ சொன்னால் உறுதி. பிறகு பாமினியை யுனிகோடாக, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறைக்கு, மாற்றும் இலவசக் கருவி ஒன்றில் உரையை ஒட்டி மாற்றி எடுக்கலாம், இணையத்தில் இவை பல உண்டு. கோப்பில் உண்மையான ஆங்கிலப் பகுதிகளும் இருந்தால் முழுவதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகிக் குழம்பிவிடும். பத்தி பத்தியாக, எழுத்துருவைக் கேட்டுக் கேட்டு மாற்றுங்கள். இரசாயனச் சூத்திரங்களும் கணிதக் குறியீடுகளும் உள்ள குறிப்புகளில் இன்னும் கவனம் தேவை.

ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாமினி விசைகளின் ஒழுங்கு கைக்குப் பழகியது என்றால் அதை விடத் தேவையில்லை. அதே ஒழுங்கில் தட்டி யுனிகோடாகச் சேமிக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன. உங்கள் விரல் பழக்கம் மாறாது, உங்கள் மாணவர் உங்கள் குறிப்பைத் தானே வாசிப்பார்.

பிடிஎப் கோப்புகளில் சில வாசிக்கப்படுகின்றன, சில "வெற்றுப் பக்கம்" போல இருக்கின்றன. வேறு சிலவற்றில் தமிழ் உருக்குலைந்து கேட்கிறது.

இவை வெவ்வேறு நோய்கள். வெற்றுப் பக்கமாகத் தோன்றுவது மின்வருடிய படம். 'நூலகம்' என்ற இணையத்தளம் போன்ற எண்ணிம நூலகங்களில் பாதுகாக்கப்பட்டிருக்கும் பழைய ஈழத்து நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் இப்படிப் பக்கப் படங்களாகவே இருக்கும், அவற்றில் எழுத்து என்று எதுவும் கணினிக்குத் தெரியாது. டெசரக்ட் என்ற எழுத்துணரியையும் அதன் தமிழ்த் தரவையும் நிறுவி, ஓசிஆர்மைபிடிஎப் என்ற கருவியால் கோப்பின் மேல் ஓர் எழுத்துப் படலத்தை ஏற்றலாம். தெளிவான அச்சானால் விளைவு நன்றாக வரும், மங்கிய பழைய ஈய அச்சானால் பிழைகள் மலியும்.

உருக்குலைந்து கேட்பது, யுனிகோடில் செய்யப்பட்டும் பிடிஎப் ஆக்கும்போது எழுத்தின் ஒழுங்கு குலைந்த கோப்பு. "கொடி" என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னே பிரிந்து நிற்கும். இவற்றையும் எழுத்துணரிக்குக் கொடுத்து வாசிக்க வைப்பதே, நேரே உரையைப் பிரித்தெடுப்பதைவிடப் பல வேளைகளில் நல்ல பயன் தருகிறது. பாமினியில் செய்த பிடிஎப்புக்கும் இதே மருந்துதான்.

எல்லாக் கோப்பையும் முதலில் பயர்பொக்ஸ் உலாவியில் திறந்து பாருங்கள். ஓர்காவோடு அதன் பிடிஎப் காட்டி நன்றாக ஒத்துழைக்கிறது.

பயர்பொக்ஸ் நன்றாக வாசிக்கப்படுகிறது, ஆனால் வேறு சில செயலிகளில் ஓர்கா வாயே திறப்பதில்லை.

செயலி எந்தக் கருவித்தொகுப்பால் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஜிடிகே செயலிகள், அதாவது க்னோம், மேட்டே மேசைச்சூழல்களோடு வருபவை, பொதுவாகத் தாமாகவே விவரங்களை வெளியிடும். க்யூடி செயலிகள், அதாவது கேடிஈ மேசைச்சூழலைச் சேர்ந்தவையும் விஎல்சி போன்றவையும், திரைவாசிப்பான் இயங்குகிறது என்று தெரிந்தால் மட்டுமே வெளியிடத் தொடங்கும். அது தெரியாமல் போகும் வேளைகளில், க்யூடி லினக்ஸ் அக்செசிபிலிற்றி ஓல்வேஸ் ஓன் என்ற சூழல் மாறிக்கு ஒன்று என்ற மதிப்பைக் கொடுத்து வைத்தால் போதும். அந்தப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களிடையே அடிக்கோடு இட்டு, ஈடிசி அடைவிலுள்ள என்விரோன்மென்ட் கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். குரோமியம் உலாவியும், அதன் உட்பொறியைக் கொண்ட எலக்ட்ரோன் வகைச் செயலிகளும் வேகம் குறையாதிருக்க இந்த வேலையைத் தள்ளிப்போடுகின்றன. இவற்றைத் தொடங்கும் கட்டளையோடு இரண்டு இடைக்கோடுகளை ஒட்டிப் போர்ஸ், ரெண்டரர், அக்செசிபிலிற்றி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைக்கோடுகளால் இணைத்துச் சேர்த்தால் உடனே விவரம் தரும்.

இவற்றையெல்லாம் செய்யும் முன் ஓர் எளிய சோதனை: ஓர்கா தொடங்குவதற்கு முன்பே திறந்திருந்த செயலியா அது? அப்படியானால் மூடிவிட்டுத் திறந்து பாருங்கள். பலருக்கு அத்தோடு முடிந்துவிடும்.

லிப்ரே ஒபிஸ் மௌனமாக இருந்தால் அதன் ஜிடிகே3 இடைமுகப் பொதி நிறுவப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஜாவா செயலிகளுக்கு ஜாவா ஏடிகே ரப்பர் என்ற தனிப் பொதி வேண்டும். முனையங்களில் க்னோம் முனையம், மேட்டே முனையம் ஆகியவற்றை நம்பலாம். வேகத்துக்காக வரைகலை அட்டையைக் கொண்டு எழுத்தை வரையும் அலாக்ரிற்றி, கிற்றி போன்றவை ஏடி-எஸ்பிஐ வழியாக எதையும் வெளியிடுவதில்லை, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். சூடு (எஸ், யூ, டி, ஓ) என்ற கட்டளையால் நிர்வாகியாகத் திறந்த வரைகலைச் செயலி வேறொரு பயனருடையது, ஆகவே உங்கள் ஓர்காவுக்கு அது எட்டாமல் போகலாம். மென்பொருள் நிறுவுவது போன்ற நிர்வாக வேலைகளை முனையத்திலேயே செய்து பழகுங்கள்.

ஒரு செயலி ஏடி-எஸ்பிஐயில் தெரிகிறதா என்பதை அக்செர்சைசர் என்ற ஆய்வுக்கருவி காட்டும். அங்கே செயலியின் பெயரே இல்லையென்றால் குறை செயலியுடையது. பெயரும் உறுப்புகளும் இருந்தும் ஓர்கா சொல்லவில்லையென்றால் ஓர்காவை விசாரிக்க வேண்டும்.

கப்ஸ் லொக்கை ஓர்கா விசையாக வைத்திருக்கிறேன். சில வேளை கட்டளை வேலை செய்யாமல் பெரிய எழுத்து ஏறிவிடுகிறது.

நீங்கள் எந்தக் காட்சி அமர்வில் இருக்கிறீர்கள் என்பதே இங்கு கேள்வி. திரைக்காட்சியையும் விசையமுக்கங்களையும் கையாளும் பழைய எக்ஸ்11 அமைப்பில் எந்த மென்பொருளும் எல்லா விசையமுக்கங்களையும் இடைமறித்துக் கேட்க முடியும். ஓர்கா அதைத்தான் பயன்படுத்திவந்தது. அதன் இடத்துக்கு வந்த வேலண்ட், பாதுகாப்புக்காக அந்த வசதியை மறுத்தது. கடவுச்சொல்லைத் திருடும் மென்பொருளுக்கு மூடிய கதவு திரைவாசிப்பானுக்கும் மூடிக்கொண்டது. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48 பதிப்பில்தான், கப்ஸ் லொக் உட்பட ஓர்காவின் விசைகள் வேலண்டில் ஒழுங்காகச் செயற்படுவதற்கான வழி அமைக்கப்பட்டது.

ஆகவே உபுண்டு 24.04 வைத்திருப்பவர்கள் (அதில் இருப்பது க்னோம் 46) நுழைவுத் திரையில் பெயரைத் தேர்ந்தபின், அமர்வுப் பட்டியலில் எக்ஸ்ஓர்க் (அதாவது எக்ஸ்11) என்று முடியும் தெரிவை எடுக்கலாம். 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13 வழங்கலில் க்னோம் 48 உள்ளது, அங்கே வேலண்டிலேயே இருக்கலாம். உபுண்டு மேட்டே எக்ஸ்11-இல் இயங்குவதால் இந்தத் தொல்லை அங்கு இல்லை. உபுண்டு 25.10 முதல் க்னோமுக்கான எக்ஸ்ஓர்க் அமர்வு நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் கருத்தில் கொண்டு பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையிலேயே பெரிய எழுத்து வேண்டுமானால் கப்ஸ் லொக்கை விரைவாக இரண்டு முறை தட்ட வேண்டும். எண்தளத்தைக் கொண்டு திரையை வருடிப் பார்ப்பவர்கள் எண்தளத்தில் உள்ள 'நம் லொக்' என்ற விசையை அணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலக்கங்களே விழும்.

தமிழில் தட்டச்சு செய்ய எதைத் தேர்வது?

அமைப்பிலேயே உள்ள விசைத்தளம் ஒன்றைத் தேர்வது நல்லது. ஒவ்வொரு எழுத்துக்கும் தேர்வுப் பட்டியலை மேலெழச் செய்யும் உள்ளீட்டு முறைகளில், அந்தப் பட்டியலை ஓர்கா எப்போதும் வாசிப்பதில்லை. ரெங்கநாதன், தமிழ்99, பாமினி ஒழுங்கு என எது உங்கள் கைக்குப் பழகியதோ அதில் பட்டியல் எழாத வகையைத் தேடி அமையுங்கள். ஓர்காவின் விருப்பத்தேர்வுகளில் சொல் எதிரொலியை இயக்கிவிட்டால் ஒவ்வொரு சொல் முடிந்ததும் முழுச் சொல்லாகக் கேட்கலாம். தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக விழுவதால், எழுத்து எதிரொலியைவிட இது தெளிவானது.

பிரெயில் காட்சிக்கருவியை லினக்ஸ் ஏற்குமா?

ஏற்கும். பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருள் கருவியோடு பேசுகிறது, லிப்லூயி என்ற மொழிபெயர்ப்புத் தொகுப்பில் தமிழ் அட்டவணையும் இருக்கிறது. பாரதி பிரெயில் அடிப்படையிலான தமிழ்ப் பிரெயிலைச் சுன்னாகம் வாழ்வகம் என்ற விழிப்புலனற்றோர் இல்லம் போன்ற இடங்களில் கற்று வளர்ந்தவர்கள், எழுத்துப்பிழை பார்க்க ஒலியைவிடப் பிரெயிலையே நாடுவது இயல்பு. லகர ளகர ழகரங்களைக் காதால் பிரிப்பது கடினம், விரலால் எளிது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. உபுண்டு 22.04 வந்தபோது, மின்னணுவியல் கற்பவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ பலகைகளில் பரவலாகக் காணப்படும் சிஎச்340 என்ற மலிவான யுஎஸ்பி சில்லைப் பிரெயில் கருவியென்று எண்ணிப் பிஆர்எல்டிடிவை கைப்பற்றிக்கொண்டது. அதற்கு இணையம் முழுவதும் சொல்லப்பட்ட தீர்வு, பிஆர்எல்டிடிவையை அழித்துவிடுங்கள் என்பது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வுகூடக் கணினியில் இதைச் செய்தால், அடுத்த நாள் பிரெயில் கருவியோடு வரும் மாணவருக்கு அந்தக் கணினி பயன்படாது. அழிக்கத் தேவையே இல்லை. இணைக்கப்படும் கருவிகளை அடையாளம் காணும் யூடெவ் விதிக்கோப்பில் 1ஏ86:7523 என்ற அடையாள எண்ணுக்குரிய வரியை மட்டும் செயலிழக்கச் செய்தால் ஆர்டுயினோவும் இயங்கும், பிரெயிலும் இயங்கும். கணினி ஆய்வுகூடங்களைப் பராமரிப்பவர்கள் இதைத் தயவுசெய்து குறித்துவைக்க வேண்டும்.

கண் தெரிந்தவர் உதவியின்றி லினக்ஸை நிறுவ முடியுமா?

கிட்டத்தட்ட முழுவதும் முடியும். டெபியன் நிறுவியின் தொடக்கப் பட்டியல் வந்ததும் எஸ் விசையை அமுக்கி என்டர் அமுக்கினால், நிறுவல் முழுவதும் பேச்சோடு நடக்கும், நிறுவி முடிந்த கணினியும் பேசும். உபுண்டு மேட்டேயை யுஎஸ்பியிலிருந்து தொடக்கி, மேசைத்திரை வந்ததும் சூப்பர், ஓல்ட், எஸ் அமுக்கலாம். கேரளத்தில் விழிப்புலனற்றோருக்கென உபுண்டு மேட்டேயை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்ட அக்செசிபிள் கோகோனட் என்ற வழங்கலும் உண்டு.

பேசாத முக்கிய இடம், யுஎஸ்பியிலிருந்து தொடக்கு என்று கணினிக்குச் சொல்லும் பயோஸ் திரை. அங்கே எந்த மென்பொருளும் இன்னும் ஏறியிருக்காது. தொலைபேசியின் கமராவையும் எழுத்து வாசிக்கும் செயலியையும் கொண்டு அதைக் கடக்கலாம், அல்லது கண் தெரிந்த தன்னார்வலர்களை இணைக்கும் பி மை ஐஸ் போன்ற செயலியில் உதவி கேட்கலாம்.

எல்லாம் செய்து பார்த்தேன், தீரவில்லை. யாரிடம், எப்படிக் கேட்பது?

"ஓர்கா வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் எவராலும் உதவ முடியாது. வழங்கலின் பெயரும் பதிப்பும், மேசைச்சூழல், எக்ஸ்11-ஆ வேலண்டா, ஓர்காவின் பதிப்பு, எந்தச் செயலியில் எந்த விசையை அமுக்கியபோது என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும், ஸ்பீச் டிஸ்பாச்சரை நேரே சோதித்தபோது பேசியதா என்பவற்றை எழுதுங்கள். ஓர்காவின் குறைகள் க்னோமின் கிட்லாப் தளத்தில் பதிவு செய்யப்படுகின்றன. அங்கே ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஆனால் எளிய ஆங்கிலம் போதும்.

ஓர்காவைத் தொடங்கும் கட்டளையோடு இரண்டு இடைக்கோடுகளும் டீபக் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால், நடப்பதையெல்லாம் அது ஒரு கோப்பில் எழுதும். குறையைத் திரும்ப நிகழச் செய்து, உடனே ஓர்காவை நிறுத்தி, அந்தக் கோப்பை அறிக்கையோடு இணைக்கலாம். நீங்கள் அமுக்கிய விசைகளும் அப்போது திரையிலிருந்த உரையும் அதில் பதிந்திருக்கும் என்பதால், பதிவு நடக்கும் நேரத்தில் மின்னஞ்சலையோ வங்கிக் கணக்கையோ திறக்க வேண்டாம். தமிழ் வாசிப்பிலுள்ள ஒலிப்புப் பிழையானால் அது ஓர்காவுடையதல்ல, ஈஸ்பீக் என்ஜி திட்டத்தின் கிட்ஹப் பக்கத்தில் பதிய வேண்டும். பிழையான சொல்லை யுனிகோடில் எழுதி, அது எப்படி ஒலிக்கிறது, எப்படி ஒலிக்க வேண்டும் என்று குறிப்பிடுங்கள். ஓர் அறிக்கைக்கு ஒரு பிழை என்று எழுதினால், திருத்துபவர்களுக்கு அதைப் பின்தொடர்வது எளிதாக இருக்கும்.